.45 பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா: எச்எஸ்டியா, கோல்ட் டாட்டா, கிரிட்டிகல் டிஃபென்ஸா?

அமெரிக்காவில் .45 ஏசிபி பிஸ்டல் வாங்கியவர்கள் அடுத்து மண்டையைக் குடைந்துகொள்வது, தற்காப்புக்கு எதைப் போடுவது என்றுதான். முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். முழு உறை போட்ட, மூக்கு உருண்ட ‘பால்’ (ball) தோட்டா 1911 பிஸ்டலோடு ராணுவத்துக்குப் போனது. குண்டின் எடை 230 கிரெயின், அதாவது ஏறக்குறைய 15 கிராம். வேகம் நொடிக்குச் சுமார் 850 அடி. விலை மலிவு, சிக்குவதும் அபூர்வம். ஆனால் விரியாது, ஆளைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்கும் போகும். பயிற்சிக்கு அது போதும், வீட்டுக் காவலுக்கு வேண்டாம்.

மிச்சம் ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி விட்டு, உடலில் பாய்ந்ததும் விரியும்படி செய்த தோட்டா. 1986 மியாமி மோதலில் இரண்டு ஏஜெண்டுகளை இழந்த பிறகு எஃப்பிஐ கறாரான சோதனை முறை ஒன்றை வகுத்தது. சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும், தடித்த துணியைக் கடந்த பிறகும். .45 தடுமாறுவது இந்தத் துணியில்தான். குண்டு பெரிது, வேகம் கம்மி. முனைக்குழியில் துணி அடைத்துக்கொண்டால் விரிவதற்கு விசை போதாமல் வெறும் பால் தோட்டாவாகிவிடும்.

ஃபெடரல் எச்எஸ்டி 230 கிரெயினில் இந்தத் தொல்லை குறைவு. வேகம் சுமார் 890 அடிதான், ஆனாலும் இதழ் இதழாக அகல விரியும். ஐந்தங்குலக் குழல் என்றால் என் ஓட்டு இதற்கே. ஸ்பியர் கோல்ட் டாட்டில் ஈயமும் உறையும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். கார்க் கண்ணாடியைத் துளைத்தாலும் பிரியாது. போலீஸுக்கு அது பெரிய விஷயம், படுக்கையறைக்கு அவ்வளவு இல்லை.

ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் வேறு வழி பிடிக்கிறது. குழியையே சிவப்பு பாலிமரால் அடைத்துவிட்டதால் துணி புக இடமில்லை. 185 கிரெயின், சுமார் 1000 அடி. உதைப்பும் கொஞ்சம் குறையும். மூன்றங்குலக் குட்டிப் பிஸ்டலுக்கு இதைப் பார்க்கலாம். எடை குறைந்ததால் ஆழத்தில் எச்எஸ்டியோடு போட்டி போட முடியாது.

கூடுதல் அழுத்தம் தரும் பிளஸ் பி வகை? அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ-யிலிருந்து 23,000 ஆகிறது. கை உதறுவதும் ஸ்பிரிங் தேய்வதும்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பழைய 1911-களில் தோட்டா மேகசினிலிருந்து சேம்பருக்கு (குழலின் பின்பக்க அறைக்கு) ஏறும் சரிவு பால் தோட்டாவுக்காகக் கடைந்தது. அகன்ற வாய் ஹாலோ பாயிண்ட் அதில் முட்டி நிற்கும். அதனால் உங்கள் மேகசின்களிலேயே சில டப்பாக்களைச் சுட்டுத் தீர்த்துப் பாருங்கள், கை வலித்தாலும் பர்ஸ் வலித்தாலும். ஒருமுறை சிக்கினாலும் அந்த வகை வேண்டாம். தினமும் சேம்பரிலிருந்து எடுத்துப் போடும் அதே தோட்டாவையும் கவனியுங்கள். அடிபட்டு அடிபட்டுக் குண்டு கூட்டுக்குள் இறங்கும். சுடும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறும். புதுத்தோட்டா பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குள்ளமானது கண்ணிலேயே தெரியும். அதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், சுடவேண்டாம்.