ஆட்டோ டாப் கடையில் தைத்த ஹெரால்டு கூரை

ஆட்டோவுக்கு டாப் தைக்கிற கடையில் கொண்டுபோய் காருக்கு டாப் தைக்கக் கொடுத்தவன் என்று எங்கள் பழைய கார்க் கூட்டத்தில் ஒரு மாதம் என்னை ஓட்டித் தள்ளினார்கள். இப்போது அதே ஆட்களில் இரண்டு பேர் கடை எங்கே என்று கேட்கிறார்கள். சொல்வதுதான் கொஞ்சம் கஷ்டம், கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. மேலப்பாளையத்தில் சந்தைக்குப் போகிற வழியில், வாசலில் எந்நேரமும் இரண்டு ஆட்டோ எலும்பும் தோலுமாக, அதாவது தோல்கூட இல்லாமல் நிற்கும். உள்ளே காலால் மிதிக்கிற பழைய தையல் மிஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள், ஒரு ஓரத்தில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் குவியல். பாய் கடை என்று கேட்டால் அந்தத் தெருவில் பத்துக் கடையைக் காட்டுவார்கள், டாப் தைக்கிற பாய் என்று கேளுங்கள். சந்தை நாளில் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் நான் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்த கார், இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்தது. 1961-இலிருந்து நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி அதைச் செய்தது. 948 சிசி எஞ்சின், முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் சத்தமில்லாமல் விழ வைக்கிற அமைப்பு, கிடையாது, வண்டி முழுசாக நிற்காமல் முதல் கியர் போட்டால் கரகரவென்று ஊரைக் கூட்டும். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்பக்கம் திறக்கும். திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும், சிந்துபூந்துறைத் தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிய ஒரே கார் இதுதான் என்று சித்தப்பா பெருமையடிப்பார்.

இதில் முக்கியமான சங்கதி கூரை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கம்பெனிக்கு மொத்த பாடியையும் ஒரே இடத்தில் அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை, அவர்களுக்கு பாடி அடித்துக்கொண்டிருந்த கம்பெனியை எதிராளி வாங்கிவிட்டான். அதனால் தனியாக ஒரு சேசிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், அதன் மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்ட பாடி என்று முடிவுசெய்தார்கள். கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றினால் கழன்றுவிடும். சித்தப்பாவுக்கு முன்னால் இதை வைத்திருந்த டாக்டர் அப்படித்தான் கழற்றி, இரும்பு வில் வைத்து, துணிக் கூரை போட்டு, ஆர்.சி. புத்தகத்திலும் முறையாக எழுதி வாங்கியிருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்த கன்வெர்ட்டிபிள் இல்லை, மாற்றியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது வந்து "ஒரிஜினல் இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு வார்த்தை, நீங்கள் இப்போது புதிதாக ஒரு ஹெரால்டின் கூரையைக் கழற்றலாம் என்று நினைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சும்மா விடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிக்காரனுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது, ஷெட்டுக்குள் நின்ற ஹெரால்டுக்கு ஸ்டீயரிங் வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் சீட்டில் நாலு விரல்கடை வண்டல், கூரைத் துணி சேறு குடித்து வில்லோடு சேர்ந்து தொங்குகிறது. எனக்கு முதலில் தோன்றியது சாவியைப் போட்டுப் பார்ப்போம் என்றுதான். நல்லவேளை, தச்சநல்லூரிலிருந்து ரயில்வே மாமாவுக்கு போன் போட்டேன். "எடே, ஸ்டார்ட் மட்டும் பண்ணிராத" என்றார். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அதை எஞ்சினால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, மூன்று நாள் ஊறவிட்டு, புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினோம். கீழே ஆயிலைத் திறந்தால் தண்ணீர் கலந்து பால் காபியாக வந்தது. அந்த எஞ்சின் இன்றைக்கும் ஓடுகிறது, பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் மட்டும் மாற்றியது.

மற்றவற்றை எல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒன்றரை வருடக் கதை. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் மக்கிப்போயிருந்தன, புதிதாக அடித்து வெல்டு வைக்க வேண்டியிருந்தது. அதற்கு பாடியைத் தூக்க வேண்டும். கிரேன் எல்லாம் கிடையாது, முன்பாதி பின்பாதியாகக் கழற்றி, இரண்டு சவுக்குக் கம்பை உள்ளே கொடுத்து, எட்டுப் பேர் சப்பரம் தூக்குகிற மாதிரி தோளில் வைத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனோம். பாளையங்கோட்டையில் கல்லூரி வாத்தியாராக இருக்கிற ஃபியட்காரர், அம்பாசமுத்திரத்து ஜீப் அண்ணாச்சி, நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு கதவையும் கியர்பாக்ஸையும் சும்மா கொடுத்துவிட்டுப் போன ஹெரால்டுக்காரர், எல்லோரும் ஆளுக்கொரு கை. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு "யாருக்குடா, எப்ப எடுக்கீங்க" என்று கேட்டாள்.

சரி, கூரைக்கு வருவோம். பெயிண்ட் முடிந்த பிறகு கூரைக்கு ஒரு ரெடிமேட் செட் ஆர்டர் போட்டேன். எந்த ஊர், யார் என்பதெல்லாம் வேண்டாம், விலை 38,000 ரூபாய். நல்ல துணிதான், தையலும் நேர்த்தி. ஆனால் அது கம்பெனி கன்வெர்ட்டிபிளின் அளவுக்குத் தைத்தது, என் காரின் வில் டாக்டர் அடித்த வில். முன்கண்ணாடிச் சட்டம் வரை இழுத்தால் இரண்டு அங்குலம் குறைகிறது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பாதித் தப்பு என்னுடையது, அளவு அனுப்பாமல் ஆர்டர் போட்டேன். அதற்காக போனை எடுக்காமல் இருப்பதா?

அந்தக் கோபத்தில் ஒரு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் தலைக்கு மேலே பார்த்தேன். மடித்துத் தைத்த ஓரம், கம்பியில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய ரெக்சின். ஓட்டுநரிடம் யார் தைத்தது என்று கேட்டேன்.

பாய் காரைப் பார்த்து அசரவில்லை. நான் இது பழைய மாடல், விலை உயர்ந்தது, கவனமாகச் செய்ய வேண்டும் என்று இழுத்தபோது, "தம்பி, ஆட்டோ ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வெயில்ல நிக்கு. ஒங்க வண்டி ஷெட்டுல தூங்குது. இதுல எது கஷ்டமான வேல?" என்றார். அப்புறம் வில்லை இரண்டு தடவை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, துணியைப் பற்றியே பேசவில்லை, மூட்டு ஆடுகிறது, இதைச் சரிசெய்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார். இது எனக்குப் பிடித்திருந்தது. ஆடுகிற வில்லில் தைத்துக் காசை வாங்கியிருக்கலாம். பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கிற நண்பர் மூட்டுக்கெல்லாம் பித்தளை புஷ் கடைந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை, குற்றாலம் கூட்டிப்போ என்றார்.

அளவெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். டேப் கொஞ்சம்தான் தொட்டார். பேனர் குவியலிலிருந்து ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸை உருவி வில்லின் மேல் விரித்தார். கூரை முழுக்க ஒரு குழந்தை, காதில் கம்மலோடு, பொக்கை வாயில் சிரிக்கிறது, சுற்றிலும் தாய்மாமன்கள் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார்கள். வில் வருகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு, மடிப்புக்கு ஒரு கட்டைவிரல் கூட்டி இன்னொரு கோடு. குழந்தையின் நெற்றி வழியாகக் கத்தரி போனபோது வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஃப்ளெக்ஸ் ரெக்சின் மாதிரியே கனம், அது மாதிரியே மடியும், காகிதத்தில் வெட்டினால் இந்தப் பொருத்தம் வராது என்று பாய் சொன்னார், வந்த பிறகு பார்த்தால் உண்மைதான்.

நூலில்தான் சண்டை. பருத்தி சுற்றிய நூலில் தைத்தால் நனைந்ததும் நூல் ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும், வெளிநாட்டில் கூரைக்கு அதைத்தான் போடுகிறார்கள் என்று வாத்தியார். நம்ம ஊர் வெயிலில் பருத்தி இரண்டே வருடத்தில் இற்றுப்போகும், பாலியெஸ்டர்தான் என்று பாய். வாத்தியார் சொன்ன அறிவியல் சரி. ஆனால் மிஷினில் உட்கார்ந்திருப்பது பாய். பாலியெஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போட்டு, தையலின் உள்பக்கம் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்து, மேலே இஸ்திரிப் பெட்டியை லேசாகக் காட்டினார். மெழுகு உருகித் துளைக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது.

மாட்டுவதற்கு உச்சி வெயிலில்தான் வரச் சொன்னார், சித்திரை மாதம் ஒரு மணிக்கு! ரெக்சினைக் காரின் மேல் சும்மா விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, மூலைக்கு ஒரு ஆளாக எங்களை நிறுத்தி, குறடால் இழுக்கச் சொல்லி ஒவ்வொரு இடமாக அடித்தார். காலைக் குளிரில் இழுத்துக் கட்டினால் மதியம் இளகித் தொங்கும், வெயிலில் இழுத்தால் சாயங்காலம் தானே இறுகித் தோலாகிவிடும் என்பது கணக்கு. பத்து நாள் கூரையை மடக்கக் கூடாது என்று கண்டிப்பு. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் கண்ணாடிக்கும் ஒரு பாடம்: மடக்கும்போது நடுவில் பழைய துண்டு வைக்க வேண்டும், துடைக்க வெறும் தண்ணீர், தின்னர் பக்கமே போகக் கூடாது.

ஆனியில் சாரல் ஆரம்பித்ததும் லேத் நண்பருக்குக் கொடுத்த வாக்குக்காகக் குற்றாலம் கிளம்பினோம், வாத்தியாரும் ஏறிக்கொண்டார். ஆலங்குளம் வரைக்கும் கூரையை மடக்கிவிட்டு ஓட்டினோம், செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்த மேல்காற்று முகத்தில் அறைய, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே போவதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஆலங்குளத்தில் நிறுத்திக் கூரையை ஏற்ற இரண்டு பேருக்கு மூன்று நிமிடம். 60 வரை சத்தமே இல்லை, 70-ஐத் தாண்டினால் பின்வில்லுக்கும் நடுவில்லுக்கும் இடையில் துணி படபடவென்று அடிக்கிறது. பாவூர்சத்திரத்தில் தூறல் பிடித்தது, தென்காசி நெருங்கும்போது நல்ல மழை. கூரை தாங்கியது, ஒரே ஒரு இடம் தவிர. பின்சீட்டில் இடதுபக்கம், பக்கத் தையலும் பின்தையலும் சேர்கிற மூலையில் சொட்டு. கீழே சரியாக வாத்தியாரின் முழங்கால். தென்காசி வரை அவர் ஒன்றும் பேசவில்லை. டீக்கடையில் இறங்கியதும் "பருத்தி நூல்" என்று மட்டும் சொன்னார்.

குறைகள் இன்னும் இரண்டு உண்டு. நாலு நாளில் தருகிறேன் என்றவர் பதினெட்டு நாள் எடுத்தார், நடுவில் எந்த ஆட்டோ வந்தாலும் அதற்குத்தான் முதல் மரியாதை, அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. பில் கிடையாது, இன்சூரன்ஸுக்கோ கணக்குக்கோ ரசீது வேண்டுமென்றால் இங்கே வேலைக்காகாது. வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைத்திருக்கும். சொட்டுக்குத் திரும்பப் போனபோது முகம் சுளிக்காமல் அந்த மூலையைப் பிரித்து, உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் பெருமழை பார்க்கவில்லை, ஐப்பசியில் தெரியும்.

மொத்தம் 14,500 ரூபாய், ரெக்சின், பின்கண்ணாடி, கூலி எல்லாம் சேர்த்து. மோஹேர் மாதிரி உயர்ந்த துணிதான் வேண்டும் என்பவர்கள் துணியை வாங்கிக்கொண்டு போகலாம், தைத்துத் தருவார், ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் அவர் கை பழகியது ரெக்சினில்தான். காட்சிக்கு வைத்துப் பரிசு வாங்குகிற காருக்கு நான் இந்தக் கடையைச் சொல்ல மாட்டேன். தினமும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறையாவது ரோட்டில் ஓடுகிற காருக்கு வேறு எங்கேயும் போக மாட்டேன்.

அந்தக் காதணி விழா ஃப்ளெக்ஸைப் பாய் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டார், டிக்கியில் கிடக்கிறது. ஹெரால்டுக்குக் கூரை தைக்கப் போகிற யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி வில்லாக இருந்தால் முன்பக்கம் இரண்டு அங்குலம் குறைத்து வெட்டச் சொல்லுங்கள், குழந்தையின் கம்மல் வரைக்கும்.