கீவினாவில் எங்கே தங்கலாம்: ஹான்காக்கா, காப்பர் ஹார்பரா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீளும் கீவினா தீபகற்பத்துக்குப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

செம்புச் சுரங்க வரலாறு வேண்டுமா? யோசிக்காமல் ஹான்காக். 1846 முதல் 1945 வரை இயங்கிய குவின்சி சுரங்கம் அங்கேதான். 1920இல் நிறுவிய நீராவித் தூக்கு இயந்திரத்தின் உருளை மட்டுமே 30 அடி விட்டம்; பக்கத்தில் நின்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பல்சக்கர ரயிலில் மலைச்சரிவில் இறங்கிச் சுரங்கத்துக்குள்ளும் போகலாம். கோடையிலும் உள்ளே நல்ல குளிர், ஸ்வெட்டர் அவசியம். கொஞ்சம் வடக்கே காலுமெட். சுரங்கத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்தின்போது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர்கள் குடும்பங்கள் கூடியிருந்த இத்தாலியன் ஹாலில் யாரோ ‘தீ’ என்று கத்த, நெரிசலில் 73 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கட்டடத்தை இடித்துவிட்டார்கள், வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

காப்பர் ஹார்பர் தீபகற்பத்தின் வடகோடியில் இருக்கும் குட்டி ஊர். 1844இல் கட்டிய வில்கின்ஸ் கோட்டை, பிராக்வே மலைச்சாலையிலிருந்து தெரியும் ஏரி, மாங்கனீஸ் அருவி எல்லாம் கைக்கெட்டும் தூரம். இலையுதிர் காலத்தில் இதற்கு இணையில்லை.

அருவிக்காக மட்டும் அலைய வேண்டாம். ஜேக்கப்ஸ் அருவி சாலையோரமே விழுகிறது, ஹங்கேரியன் அருவி ஹபெல் ஊருக்குப் பக்கம். பனி உருகும் வசந்தத்தில்தான் இரண்டிலும் தண்ணீர் கொட்டும்.

இரண்டே நாள் என்றால் என் ஓட்டு ஹான்காக்குக்கு. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த தொழிலாளர்கள் கொண்டுவந்த பேஸ்டியும் (இறைச்சியும் காய்கறியும் அடைத்துச் சுட்ட பலகாரம்) அங்கே சூடாகக் கிடைக்கும்.