காட்பாடியில் வீடு வாங்கித் தந்த அலுவலகம்: வேலை நன்று, கணக்குதான் தெளிவில்லை

மூன்று மாதம் அலைந்து காட்பாடி பக்கம் 48 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு வாங்கினோம். வாங்கித் தந்தது வேலூரில் உள்ள ஒரு வீட்டுமனை அலுவலகம், பெயர் வேண்டாம். வீடு காட்டுவதிலிருந்து பத்திரப் பதிவு வரை எல்லாம் அவர்களே பார்க்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பதினோரு வீடு காட்டினார்கள், முகம் சுளிக்கவில்லை. அங்கே பத்திரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டு மூலப்பத்திரம் 1978-இல் எழுதியது, 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே இருக்கும். அதிலிருந்து வரி விடாமல் படித்து வந்தவர், பாகப்பிரிவினையில் ஒரு மகள் கையெழுத்துப் போடவில்லை என்று கண்டுபிடித்தார். அந்த அம்மாவிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் வாங்கிய பிறகுதான் எங்களை அட்வான்ஸ் கொடுக்கச் சொன்னார். இதை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் கணக்குக்கு வந்தோம். அலுவலகத்தை நடத்தும் தம்பி ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார். 'பத்திரச் செலவு: 5,10,000.' அவ்வளவுதான், வேறு ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வங்கிக் கடன் என்பதால் முழு விலையும் பத்திரத்தில் வருகிறது. 48 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 4,32,000. மிச்சம் 78,000 எங்கே போகிறது? ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு அது மூன்று மாதச் சம்பளம்.

இன்னொன்று. "உங்க பேர்ல வாங்குனா ஒரு பர்சன்ட் குறையும் மேடம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். எங்களுக்கு வராது என்று நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எதையும் வாய்வார்த்தையாக ஏற்கவில்லை.

மறுநாள் போய், பிரித்து எழுதித் தாருங்கள் என்றேன். பத்திரம் எழுத 15,000, வக்கீல் கருத்து 10,000, வில்லங்கச் சான்று 3,000, பட்டா மாற்ற 15,000, 'ஆபீஸ் செலவு' 35,000 என்று எழுதினார்கள். எழுத வைத்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டது. வங்கி வக்கீலுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தேன். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்த்து வைத்திருந்தேன். இடத்தைத் துண்டாகப் பிரிக்கும் உட்பிரிவு தேவைப்படாத முழு இடம் என்பதால் பட்டா மாற்றக் கோரிக்கை பதிவோடு சேர்ந்தே ஆன்லைனில் போய்விடும். மூன்றையும் அடித்துவிட்டார்கள்.

35,000-தான் நகரவில்லை. "எந்த ஆபீஸுக்கு ஐயா, ரசீது வருமா?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

"அதுக்கு ரசீதெல்லாம் வராதும்மா. எல்லாருக்கும் ஆவுற செலவுதான்."

"ரசீது வராத காசை என்னால கொடுக்க முடியாது ஐயா."

பெரியவர் பேசாமல் இருந்தார். பதிவுக்கு நாள், நேரம் ஒதுக்கும் டோக்கன் தள்ளிப்போகும் என்றார் அந்தத் தம்பி. தள்ளிப்போனால் போகட்டும், காத்திருக்கிறேன் என்றேன். உள்ளுக்குள் பயம்தான். வீடு கைநழுவிவிடுமோ என்று அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் 4,32,000-ஐ என் வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாக இணையத்தில் கட்டினோம், டோக்கனும் கிடைத்தது, குறித்த நாளில் பதிவும் முடிந்தது. அந்த 35,000 இல்லாமல் ஒன்றும் நிற்கவில்லை. பத்திரம் எழுதியதற்கு 12,000 கொடுத்தேன், அது நியாயமான கூலி.

கமிஷனிலும் இதே கதை. முதல் நாள் கேட்டபோது "பார்த்துக்கலாம் மேடம்" என்றவர்கள், கடைசியில் 2 சதவீதம், 96,000 என்றார்கள். விற்றவரிடமும் வாங்குகிறார்கள். விடுதலைப் பத்திரம் விஷயத்தில் பட்ட பாட்டுக்காக மனசாரத் தருகிறேன், ஆனால் சொல்லாத தொகையைத் தர முடியாது என்றேன். நெடுநேரம் பேசி 60,000-இல் முடிந்தது. இதை முதல் நாளே எழுதி வாங்காதது என் தவறு. நீங்கள் போனால், வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே கமிஷனை எழுதி வாங்கிவிடுங்கள்.

பத்திரம் பார்க்கும் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். கட்டணம் சொல்லும் முறைக்கு ஒன்றுதான். கமிஷன் கொடுத்ததற்கு ரசீது மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் வந்தது, அதிலும் தேதி போடவில்லை.