காஷ்மீர் லோடும் பத்து வீல் லாரியின் ஹீட்டரும்

இந்தப் பத்து வீல் பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டியின் இழுவை, மைலேஜ், கியர்பாக்ஸ் எல்லாம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அவற்றில் குறை இல்லை. காஷ்மீர் ஆப்பிள் லோடுக்கு டிசம்பர், ஜனவரியில் அனுப்பலாமா, கேபின் ஹீட்டர் தாங்குமா என்பதுதான் இப்போது அடிக்கடி வரும் கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வண்டியில் எரிச்சல் மூட்டிய ஒரே விஷயமும் அதுதான்.

ஹீட்டர் நல்ல ஹீட்டர். ஆனாலும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்திலிருந்து வடக்கே போகும் பல வண்டிகளில் அது வெறும் காற்றைத்தான் ஊதுகிறது. ஜம்மு வரை யாருக்கும் தெரிவதில்லை. எட்டரை கிலோமீட்டர் நீளமுள்ள பனிஹால் சுரங்கத்தைக் கடந்து காசிகுண்டில் இறங்கினால் தெரிந்துவிடும். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை அங்கே 'சில்லாய் கலான்', கடுங்குளிரின் நாற்பது நாள். இரவில் மைனஸ் 5 டிகிரி சாதாரணம். புளோயரை நாலாம் நம்பரில் வைத்தாலும் கால் விறைக்கும், முன் கண்ணாடியில் உள்பக்கமாகவே பனி படியும்.

முதல் குற்றவாளி தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை (குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. வால்வு கெட்டுப்போவதைவிட, அது வண்டியிலேயே இல்லாமல் இருப்பதுதான் அதிகம். வெயில் காலத்தில் ஒருமுறை சூடேறியதென்று பட்டறையில் கழற்றி எறிந்திருப்பார்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜின் கூலண்டின் சூடுதான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலுக்கு வருகிறது. வால்வு இல்லையென்றால் கூலண்ட் ஓயாமல் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்தே திரும்பும். குளிர்ந்த காற்றில் சமதளத்தில் ஓடும்போது 50, 55 டிகிரியிலேயே நின்றுவிடும். அந்தக் கூலண்டை வைத்துக்கொண்டு எந்த ஹீட்டராலும் கேபினைச் சூடாக்க முடியாது.

சூட்டுக்குப் பயந்து கழற்றியதிலும் லாபமில்லை. இந்த வகை வால்வுக்குக் கீழே இன்னொரு தட்டு உண்டு. இன்ஜின் சூடானதும் மேல் வழி திறக்கிறது. அதே நேரத்தில் கீழ்த்தட்டு பைபாஸ் வழியை அடைக்கிறது. வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குத் திரும்பும். முழு லோடில் மலை ஏறும்போது சூடு கூடுவதற்கே இது வழி செய்கிறது. பிஎஸ்6 வண்டிக்கு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. இன்ஜின் சூட்டுக்கு வராவிட்டால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டீசல் அதிகமாக அடிக்கும், டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை தள்ளிப்போகும், ஆயிலில் டீசல் கலக்கும். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வந்து பார்த்தால், மைலேஜ் ஏன் விழுந்தது என்பதற்கும் விடை அங்கேயே இருக்கும்.

புது வால்வு பெரிய செலவில்லை. திறக்கும் சூடு வால்வின் மேலேயே பொறித்திருக்கும். பழையதில் என்ன எண் இருந்ததோ அதே எண்ணை வாங்க வேண்டும், குறைந்த எண் கிடைக்கிறதென்று மாற்றக் கூடாது. மாட்டுவதற்கு முன் பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அடியில் படக் கூடாது. 70 டிகிரியில் இறுக மூடியிருக்க வேண்டும். பொறித்த எண்ணுக்கு இரண்டு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் நன்றாக வாய் திறந்திருக்க வேண்டும். வால்வில் ஆடும் சின்ன ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வருமாறு மாட்ட வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி. கேஸ்கட் புதிது போடுங்கள், பழையதைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழக் கூடாது. லோடோடு இருபது நிமிடம் ஓடியும் மீட்டர் முள் நடுவுக்கு வரவில்லையென்றால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம்.

எதையும் கழற்றுவதற்கு முன் கையால் ஒரு சோதனை போதும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, கேபினைச் சாய்த்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஓஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட். ஒன்று கொதித்து மற்றொன்று ஜில்லென்றிருந்தால் கூலண்ட் ஓடவில்லை: ஹீட்டர் வழியில் உள்ள காக் (திருகு) மூடியிருக்கிறது, காயில் அடைத்திருக்கிறது, அல்லது ஏர்லாக் (உள்ளே காற்று சிக்கி அடைப்பது). இரண்டும் கை வைக்க முடியாத சூடென்றால் கூலண்ட் பக்கம் குற்றமில்லை, காற்றுப் பக்கம் தேட வேண்டும். லேசர் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. புளோயர் நடு வேகத்தில் ஓடும்போது போகும் ஓஸுக்கும் வரும் ஓஸுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சரி. 25-ஐத் தாண்டினால் ஓட்டம் குறைந்திருக்கிறது.

கம்பெனி மேல் கோபம் வருவது இங்கேதான். ஹீட்டருக்குப் போகும் வழியில் கையால் திருப்பும் ஒரு காக் இருக்கிறது. கோடையில் ஏசி நன்றாகக் குளிர வேண்டுமென்று சர்வீஸில் அதை மூடிவிடுவார்கள். மூடியதை யாரும் சொல்வதில்லை. அது இருப்பது கேபினுக்கு அடியில், சாய்த்தால்தான் தெரியும் இடத்தில். எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று ஒரு அம்புக்குறிகூட இல்லை. லோடு ஏற்றிய வண்டியின் கேபினைப் பனியில் நின்று சாய்க்கச் சொல்வது நியாயமே இல்லை. டேஷ்போர்டில் இரண்டு சுவிட்ச் வைக்கக் காலி இடம் கிடக்கிறது! கேபின் கீல் பக்கத்தில் ஓஸ் வளையும் இடமும் இதே அலட்சியம்தான். சாய்த்து இறக்கும் ஒவ்வொரு முறையும் ஓஸ் அங்கே மடிகிறது. கொஞ்சம் பழசானதும் மடிந்தபடியே நின்று ஓட்டத்தைப் பாதியாக்கிவிடுகிறது. அந்த இடத்தில் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஓஸ் போடுங்கள், அல்லது இரும்பு எல்போ வைத்து இரண்டு துண்டாக்கி நான்கு கிளிப் போடுங்கள். காக் திறந்த நிலையைப் பெயின்டால் குறித்து வையுங்கள்.

காயில் அடைப்பு நம் ஊர் வண்டிகளுக்கே உரிய நோய். போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றி ஓட்டினால் காயிலின் மெல்லிய குழாய்களில் காரை படியும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் வழக்கமும் இருக்கிறது. அந்த நேரத்துக்கு ஒழுகல் நிற்கலாம், ஆனால் தூள் முதலில் போய் அடைவது ஹீட்டர் காயிலில்தான். ஒழுகல் அடைக்கும் பவுடர்களும் அப்படியே.

சுத்தம் செய்ய இரண்டு ஓஸையும் காயிலிலிருந்து பிரித்து, கூலண்ட் வெளியே வரும் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீரை மெல்லிய அழுத்தத்தில் விடுங்கள். கார் வாஷ் கன் வேண்டாம், காயில் வெடித்து டேஷ்போர்டுக்குள் தண்ணீர் இறங்கும். கலங்கல் நின்ற பிறகும் ஓட்டம் குறைவாக இருந்தால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, நிரப்பி, அரை மணி நேரம் விட்டு, திரும்பத் திரும்ப அலசுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை அலுமினியக் காயிலில் ஊற்றவே கூடாது. பிறகு எத்திலீன் கிளைகால் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. அந்தக் கலவை மைனஸ் 37 வரை உறையாது. வெறும் தண்ணீரோடு காஷ்மீரில் ஒரு இரவு நிறுத்தினால் போவது ஹீட்டர் மட்டுமல்ல, பிளாக்கே வெடிக்கும்.

கூலண்ட் மாற்றியதும் ஹீட்டர் செத்துவிட்டதென்றால் ஏர்லாக். ஹீட்டர் காயில் இன்ஜினைவிட உயரத்தில் இருப்பதால் காற்று அங்கேதான் தங்கும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, காக் திறந்திருப்பதைப் பார்த்து, மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். சூடேறத் தொடங்குவதற்கு முன்பே, உயரத்தில் இருக்கும் ஓஸ் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று சீறி வெளியேறும். குமிழி இல்லாமல் கூலண்ட் வந்ததும் இறுக்கி, மூடியைப் போட்டு, 1500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓட விடுங்கள். மறுநாள் காலை மட்டம் பெரும்பாலும் இறங்கியிருக்கும், பார்த்து ஊற்ற வேண்டும். இன்ஜின் சூடான பிறகு மூடியிலும் கிளிப்பிலும் கை வைக்காதீர்கள்.

காற்றுப் பக்கத்தில் பெரிய மர்மம் இல்லை. குமிழைத் திருப்பினால் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் பலகை அடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கேபிள் கிளிப் கழன்றிருக்கும். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். வெளிக்காற்று ஃபில்டரில் அரை கிலோ மண் இருக்கும், தட்டுங்கள். கியர் லீவர் ரப்பரும் கதவு ரப்பரும் கிழிந்திருந்தால் எவ்வளவு சூடு வந்தாலும் நிற்காது. கண்ணாடியில் ஆவி படிந்தால் ரீசர்க்குலேஷனை அணைத்து வெளிக்காற்றில் வையுங்கள்.

ரேடியேட்டருக்கு முன்னால் படுதா கட்டுவதை அங்குள்ள டிரைவர்கள் செய்கிறார்கள், உதவுகிறது. முழுக்க மூடாதீர்கள். இன்டர்கூலருக்கும் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) ஃபேனுக்கும் காற்று வேண்டும். நடுவில் கால் பங்காவது திறந்திருக்கட்டும். ஜம்மு இறங்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு ஓட்டத்தில் இந்த ஹீட்டர் அருமை. காலுக்கு வரும் காற்று 50 டிகிரியைத் தொடுகிறது, கண்ணாடி நிமிடங்களில் தெளிகிறது, ஸ்வெட்டர் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் ஜம்மு-ஸ்ரீநகர் ரோட்டில் ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் நடுவே மண் சரிந்து ரோடு அடைத்தால் வண்டி அங்கேயே நிற்கும், சில சமயம் நாள் கணக்கில். ஐடிலில் டீசல் இன்ஜினுக்குப் போதிய சூடு வராது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் எரித்தும் முள் இறங்கிக்கொண்டே போகும்.

அந்த நேரத்தில் கேபினுக்குள் கேஸ் அடுப்பையோ கரிக் காங்கிரியையோ (காஷ்மீரிகளின் கணப்புச் சட்டி) வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கிளீனர் பையன்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டேங்க் டீசலில் தனியாக ஓடும் 24 வோல்ட் பார்க்கிங் ஹீட்டர்தான் சரியான வழி. 2 கிலோவாட் போதும். முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் அளவுதான் குடிக்கும். அதன் புகைக் குழாய் கேபினுக்கு வெளியே, வெளிக்காற்று எடுக்கும் வாய்க்கு எதிர்ப்பக்கமாக, கீழ்நோக்கிச் சரிவாகப் போக வேண்டும். பேட்டரி சுவிட்சை அணைக்கும் முன் ஹீட்டர் தானாகக் குளிர்ந்து நிற்கும் வரை காத்திருங்கள். கேபினில் மோனாக்சைடு அலாரமும் ஒன்று இருக்கட்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். ஷோரூமில் எல்லோரும் குளிர்ச்சியைத்தான் கை வைத்துப் பார்க்கிறார்கள். சூட்டையும் பாருங்கள், காக் எங்கே என்று டெலிவரிக்கு முன்பே காட்டச் சொல்லுங்கள்.

இத்தனை நல்லது சொல்லியும், வடக்கே ஓட்ட வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு காக்கைத் திறக்கக் கேபினைச் சாய்க்க வைக்கிற கம்பெனி, அதை மேலே கொண்டுவரும் வரை என் பதில் அதுதான்.