1969 கமாரோ 350 எஞ்சின்: கார்புரேட்டரா, இஎஃப்ஐயா?

ஷெவர்லே கமாரோ காரின் 350 கன அங்குல எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்ட இரண்டு வழி: காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டர், அல்லது கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் இஎஃப்ஐ. ஹோலி நிறுவனத்தின் நான்கு பேரல் (நான்கு காற்றுவழி) கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) பெட்ரோல் அழுத்தம் போதும். எஞ்சினில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப்பே அதைத் தந்துவிடும். செலவும் குறைவு. பலர் சறுக்குவது பவர் வால்வில்தான்: எஞ்சினின் வேக்குவம் (உறிஞ்சு விசை) குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு அது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) வேக்குவம் கேஜ் காட்டும் அளவில் பாதி எண்ணுள்ள வால்வைப் போடுங்கள்: 13 அங்குலம் (பாதரச அளவு) என்றால் 6.5. பெரிய கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு வேக்குவம் 6-க்கு இறங்கிய பிறகும் அதே 6.5 வால்வு இருந்தால், ஐடிலிலேயே அது திறந்துகொள்ளும். பெட்ரோல் அதிகமாகி பிளக்குகள் கரி பிடிக்கும்.

த்ராட்டில் பாடி இஎஃப்ஐ கடுங்குளிரிலும் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். மலை ஏறினால் கார்புரேட்டரைப் போல ஜெட் (பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் துளை) மாற்றத் தேவையில்லை. ஆனால் அது கேட்பது சுமார் 58 பிஎஸ்ஐ. எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும், அது டேங்குக்குள் இருந்தால் நல்லது. பெரும்பாலான கிட்டுகளுக்கு ரிட்டர்ன் லைனும் (மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) வேண்டும். பழைய கார்புரேட்டர் ஹோஸை மறந்தும் விட்டுவைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பிளந்து, சூடான மேனிஃபோல்டில் பெட்ரோலைப் பீய்ச்சும். இஎஃப்ஐ அழுத்தத்தைத் தாங்கும் 30ஆர்9 ரக ஹோஸே சரி.

இன்னொரு தொல்லை எக்ஸாஸ்ட் கசிவு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஹெடர் (எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்) கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். அந்தக் கூடுதல் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கணித்து ஈசியூ (இஎஃப்ஐயின் கணினி) மேலும் மேலும் ஊற்றும். இஎஃப்ஐயின் பவர், எர்த் வயர்களை நேராக பேட்டரியிலிருந்தே எடுங்கள். பிளக் வயர், காயில் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஞாயிறு மட்டும் எடுக்கும் வண்டிக்குக் கார்புரேட்டரே என் தேர்வு. தினமும் ஓட்டினால் இஎஃப்ஐ. எதுவானாலும் முதலில் இக்னிஷன் டைமிங்கையும் வேக்குவம் கசிவுகளையும் சரிசெய்யுங்கள்.