பதினொரு மாரி கண்ட பியூஷர் ஆல்ட்டோ

உப்புக் காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதவுக் கொண்டி, யன்னல் கம்பி, சைக்கிள் செயின் எல்லாம் இங்கே கறள் பிடிக்கத்தான் பிறந்தவை. இந்த ஊரில், கடலுக்கு அரை மைல் தள்ளிய வீட்டில், ஏறத்தாழ நூறு வயதான ஒரு ஆல்ட்டோ சாக்சபோனைப் பதினொரு வருசமாக வைத்து வாசிக்கிறேன். பழையது வாங்கலாமா என்று கேட்கிற தம்பிமாருக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நான் ஏமாந்த கதை. 2012இல் கொழும்பில் பழஞ்சாமான் விற்கும் ஒருவரிடம் வெள்ளி முலாம் பூசிய ஆல்ட்டோ ஒன்றைப் பார்த்தேன். ஊதினேன், சத்தம் வந்தது, காசைக் கொடுத்துவிட்டேன். இரவு ரயிலில் நித்திரையில்லாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் கீபோர்டோடு சேர்த்தபோது எந்தச் சுரமும் ஒட்டவில்லை. வாய் வைத்து ஊதும் மௌத்பீஸை வெளியே இழுத்துச் சுருதியை இறக்கினால் மேல் சுரங்கள் ஒரு பக்கம், கீழ்ச் சுரங்கள் ஒரு பக்கம் என்று தனக்குள்ளேயே சண்டை பிடித்தது. இரண்டு கிழமை என்னையே நொந்துகொண்டேன். பிறகுதான் தொடர் எண்ணின் அடியில் சின்னதாக வெட்டியிருந்த ‘எச்’ எழுத்து கண்ணில் பட்டது.

அந்த எழுத்துக்கு ஹை பிட்ச், அதாவது உயர்ந்த சுருதி என்று பொருள். இன்றைக்கு ‘ஏ’ சுரம் வினாடிக்கு 440 அதிர்வு. அந்தக் காலத்து ஹை பிட்ச் வாத்தியங்களில் அது 457 அளவில் இருந்தது. எங்கள் சுருதி அளவான கட்டைக் கணக்கில் சொன்னால், இரண்டரைக் கட்டையில் நிற்கவேண்டிய ஆல்ட்டோவின் ‘சி’ இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே, மூன்றின் பக்கம் சாய்ந்து நிற்கும். எந்தக் கொம்பனாலும் அதைத் திருத்த முடியாது, ஏனென்றால் துளைகளின் இடமே வேறு. பிரித்தானியப் பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960கள் வரை உயர்ந்த சுருதியைக் கைவிடவில்லை. அவர்கள் இருந்த ஊர்களில் இப்படியான சாமான் மிஞ்சிக் கிடப்பதில் அதிசயம் இல்லை. ஆகவே படம் அனுப்பச் சொல்லும்போது தொடர் எண்ணைக் கிட்டப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். ‘எல்’ அல்லது ‘எல்பி’ இருந்தால் லோ பிட்ச், இன்றைய சுருதி, பயமில்லை. ‘எச்’ இருந்தால், சுருதிப் பெட்டியை ஏற்றிவைத்துத் தனியே வாசிக்கிறவராக இருந்தாலொழிய வேண்டாம்.

இன்னொரு பொறி சி மெலடி என்ற சாக்சபோன் வகை. 1920களில் அமெரிக்க வீடுகளில் பியானோவோடு சேர்ந்து வாசிக்கவென்று அள்ளி விற்கப்பட்டது. ஆல்ட்டோவைவிடச் சற்று நீளம், சுருதியும் வேறு, ஆனால் படத்தில் வித்தியாசம் பிடிபடாது. விலை மலிவாக இருக்கும். விற்கிறவருக்கே பல நேரம் தெரியாது.

இப்போதைய வாத்தியத்துக்கு வருகிறேன். 2014இல் கனடாவில் இருக்கும் அண்ணை ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தார். பியூஷர் கம்பனியின் ட்ரூ டோன், இண்டியானா மாநிலத்து எல்க்கார்ட்டில் செய்தது, தொடர் எண்ணின்படி 1920களின் நடுப்பகுதி. மினுக்கம் இல்லாத வெள்ளி முலாம், மணி என்கிற அகன்ற வாயின் உட்புறம் மட்டும் பொன் பூச்சு. வாத்தியத்துக்கு 450 கனேடிய டொலர். அங்கேயே பேட் எல்லாம் மாற்றிச் சரிபார்க்க இன்னொரு 600. அண்ணை ரசீதைக் காட்டி, “மாட்டைவிட மூக்கணாங்கயிறு கூடப் போச்சுதடா” என்றார். பழைய சாக்சபோனின் விலையே அதுதான். வாத்தியம் மலிவு, அதை வாசிக்கக்கூடியதாக ஆக்குவது மலிவில்லை. ஆல்ட்டோவில் இருபத்துச் சொச்சம் பேட் இருக்கும். ஒவ்வொன்றும் துளையை அடைக்கும், தோல் போர்த்திய கம்பளித் தட்டு. அதில் ஒன்று ஒரு மயிரிழை ஒழுகினாலும் அதற்குக் கீழே உள்ள சுரங்கள் எல்லாம் இருமும்.

பியூஷரில் ஒரு தனிப் புதுமை உண்டு. மற்ற வாத்தியங்களில் பேட்டை அரக்கு உருக்கி ஒட்டுவார்கள். இதில் மூடியின் நடுவே ஒரு சின்ன முளை இருக்கும். நடுவில் துளையுள்ள பேட்டை அதில் வைத்து, மேலே ஒரு உலோகப் பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். சட்டைப் பொத்தான் மாதிரி. திருத்துகிறவர் இல்லாத ஊரில் இது வரப்பிரசாதம், நானே மாற்றலாம். ஆனால் பழைய திருத்தக்காரர் பலர் சாதாரண பேட் போடுவதற்காக அந்த முளையை வெட்டி எறிந்திருக்கிறார்கள். பியூஷர் வாங்குவதாக இருந்தால் மூடிகளைத் திறந்து பொத்தான் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். என்னுடையதில் நான்கு இல்லை.

நான் இதை எடுத்ததற்குக் காரணம் ஒலிதான். பெரியப்பா நாதஸ்வரக்காரர். இது வந்த நாளன்று திண்ணையில் இருந்து தோடி கொஞ்சம் இழுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், “தம்பி, உன்ர முந்தின புது வாத்தியம் பள்ளிக்கூட மணி மாதிரி. இது கிழவன்ர குரல், ஆனா வழுகுது. வழுகிறதை விட்டிடாத” என்றார். முந்தின புது வாத்தியம் என்று அவர் சொன்னது நான் 2009இல் வாங்கியிருந்த மலிவான சீன ஆல்ட்டோவை.

வழுகுவது என்பதுதான் விசயம். மேல்நாட்டு வாசிப்புக்காரர் 1920களின் வாத்தியங்களைப் பற்றிக் குறை சொல்லும்போது, சுருதி ஓரிடத்தில் நிற்காது, உதட்டால் பிடித்து வைக்கவேண்டும் என்பார்கள். கீபோர்டோடும் கித்தாரோடும் வாசிக்கிறவருக்கு அது குறைதான். எனக்கு வேண்டியதே அது. நாதஸ்வரத்தில் துளை விரலுக்கு நேரே இருக்கிறது, பாதி மூடலாம், வழுக்கலாம். சாக்சபோனில் துளைக்கும் விரலுக்கும் இடையில் மூடி நிற்கிறது, கமகத்தை உதட்டிலும் தொண்டையிலும்தான் செய்யவேண்டும். உள்ளே அகன்ற அறை உள்ள பழைய மௌத்பீஸோடு இந்த வாத்தியத்தில் ஒரு சுரத்தை மெல்ல இறக்கினால், எங்கேயும் தடக்காமல் கீழே வரும். மேல் ஸ்தாயியில் இன்னும் இலகு. ஏற்றுவது மட்டும் எதிலும் கஷ்டம், ஆகவே மேலே உள்ள சுரத்தைப் பிடித்துக் கீழே தொங்கவிடப் பழகவேண்டும். கத்ரி கோபால்நாத் ஆல்ட்டோவில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியிருக்காவிட்டால் நான் இதற்குள் இறங்கியே இருக்கமாட்டேன். அவர் மைசூர் அரண்மனை பாண்டில் இதைப் பார்த்து மயங்கியவர், 2019இல் காலமானார்.

நவீன மௌத்பீஸ் போட்டுப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், நானும் போட்டேன். சத்தம் பெரிது, ஆனால் மேல் சுரங்கள் எல்லாம் ஏறிப் போயின. குறுகிய அறை இந்த உடம்புக்குப் பொருந்துவதில்லை. பழைய வாத்தியத்தைக் கெட்ட வாத்தியம் என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் மௌத்பீஸை மாற்றிவிட்டுச் சொல்கிறவர்கள்.

சுருதிக் கணக்கும் சொல்லவேண்டும், இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆல்ட்டோ ஈ-பிளாட் வாத்தியம். அதன் விரலமைப்பில் ‘சி’ என்பது எங்கள் இரண்டரைக் கட்டை. நடு ‘சி’யை சட்ஜமாக வைத்தால் கீழே மந்தர ஸ்தாயி முழுக்கக் கிடைக்கும், மேலே தார மத்திமம் வரை போகலாம். கேட்க நல்ல ஏற்பாடு. ஆனால் நடு ‘சி’க்கு ஒரேயொரு விரல், அடுத்த ‘டி’க்கு ஆறு விரலும் பெருவிரல் சாவியும் ஒரே நேரத்தில் விழவேண்டும். ஆக ச-ரி என்ற முதல் படியிலேயே பள்ளம். போதாததற்குப் பழைய வாத்தியங்களில் அந்த நடு ‘டி’ மூக்கடைத்த மாதிரித்தான் வரும். மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபம் என்பதால் ‘டி’யைக் கொஞ்சம் ஏமாற்றலாம். கல்யாணியில் ஏமாற்ற முடியாது. இரண்டு வருசம் அந்த ஒரு அடியைத்தான் சாதகம் செய்தேன்.

இடது சுண்டுவிரல் சாவிகள் மோசம். 1954இல் வந்த செல்மர் மார்க் சிக்ஸையோ பிந்திய யமஹாவையோ பிடித்த கைக்கு, இதில் அடி ‘பி’ அழுத்துவது துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுவது மாதிரி. கல்யாண வீட்டில் வேகமான பாட்டுக்கு நான் நண்பரின் யமஹா இருபத்து மூன்றை இரவல் வாங்குவதுண்டு, வெட்கமில்லை. அது நம்பிக்கையான வேலைக்காரன். மார்க் சிக்ஸ் எனக்கு எட்டாது, சில ஆயிரம் டொலர் போகும். பெயருக்காக அலைகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1953இல் ரொறன்ரோ மாஸி ஹோலில் வாசித்தது பிளாஸ்டிக் உடம்புள்ள கிராஃப்டன் ஆல்ட்டோவில்.

அடி ‘பி’, ‘பி-பிளாட்’ இரண்டும் முதல் வருசம் முழுக்க மோட்டர் படகு மாதிரி ‘டுபு டுபு’ என்று நடுங்கின. மீன்பிடித் துறைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். ஒழுக்கு என்று நினைத்து எல்லா பேட்டையும் பார்த்தேன். கடைசியில் மௌத்பீஸ் மூடியை மணிக்குள்ளே போட்டுவிட்டு ஊதினேன். நடுக்கம் நின்றுவிட்டது. இது பழைய வித்தை, வளைவில் ஏதாவது ஒன்று கிடந்தால் போதும். அன்றிலிருந்து அந்த மூடி உள்ளேதான் கிடக்கிறது. கச்சேரி முடிந்து வாத்தியத்தைக் கவிழ்க்கும்போது ‘கடகட’ என்று உருள, சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்கள்.

இனி உப்புக் காற்று. வெள்ளி முலாம் கறுத்துப்போகும், ஆனால் அடியில் உள்ள பித்தளையைக் காப்பாற்றும். லாக்கர் என்ற மெருகுப் பூச்சு உரிந்த வாத்தியம் இந்த ஊருக்குச் சரிவராது. நண்பர் ஒருவருடைய லாக்கர் ஆல்ட்டோவின் கழுத்தில் மூன்றாம் வருசம் செம்மஞ்சள் புள்ளிகள் வந்துவிட்டன, பித்தளையில் உள்ள துத்தநாகம் போனால் மிஞ்சுவது செம்புதான். நான் மினுக்குவதை நிறுத்திவிட்டேன், மினுக்க மினுக்க முலாம்தான் தேய்கிறது. ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. அவ்வளவுதான்.

உண்மையான எதிரி ஸ்பிரிங். ஊசி மாதிரி மெல்லிய நீல எஃகு, பெரும்பாலான சாவிகளுக்கு ஒவ்வொன்று. 2017இல் உப்புவெளியில் ஒரு கல்யாண வீட்டில், பெண் அழைப்பு நேரம், ‘எஃப்’ சாவி விழுந்தது, எழும்பவில்லை. ஸ்பிரிங் அடியோடு முறிந்திருந்தது. மொய் எழுதிக்கொண்டிருந்தவரிடம் காசுக் கட்டு இரப்பர் பாண்ட் ஒன்று வாங்கி, சாவியை வாத்தியத்தில் அதைத் தாங்கும் சின்ன உலோகத் தூணோடு இழுத்துக் கட்டி மீதியை வாசித்தேன். இப்போது பெட்டிக்குள் இரப்பர் பாண்ட் எப்போதும் ஒரு கட்டு இருக்கும்.

அதன் பின் ஸ்பிரிங் நானே போடப் பழகினேன். தையல் ஊசியின் அடிப்பக்கத்தை மெழுகுதிரியில் அல்ல, காஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டிச் சப்பையாக்கவேண்டும். காய்ச்சாமல் தட்டினால் ஊசி தெறித்துக் கண்ணுக்குத்தான் வரும். சப்பையான பக்கம் தூணின் துளையில் இறுகிக்கொள்ளும். மாரி தொடங்க முன்னர் எல்லா ஸ்பிரிங்குக்கும் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையால். கூடினால் எண்ணெய் பேட்டில் ஊறிவிடும்.

பேட் ஒழுக்குப் பார்க்க விலையான விளக்கு ஒன்றும் வேண்டாம். திருவிழாப் பந்தலில் தொங்கவிடும் எல்ஈடி வயரில் ஒரு முழம் போதும். இரவில் லைட்டை அணைத்துவிட்டு, வயரை மணி வழியாக உள்ளே இறக்கி, சாவியை மெல்ல அழுத்துங்கள். நன்றாக மூடினால் இருட்டு. மூடாத இடத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று வெளிச்சம் நிற்கும். மின்வெட்டுக் காலத்தில் எனக்கு இந்த வேலை தினமும் நடந்தது.

‘ஜி-ஷார்ப்’ சாவி ஒட்டிக்கொள்வது மாரிக் காலத்து நிரந்தர வருத்தம். சிகரெட் கடதாசியை இடையில் வைத்து அழுத்தி உருவினால் ஒருநாள் தாங்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில், மௌத்பீஸில் கட்டி ஊதும் நாணல் தகடான ரீட்டிலும் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். சீவாளியை நூலில் கோர்த்துக் காற்றாடத் தொங்கவிடுகிற பெரியப்பாவைப் பார்த்து, நானும் ரீட்டைப் பிளாஸ்டிக் கூட்டில் அடைப்பதை விட்டேன். 2022இல் டொலர் ஏறியபோது ஒரு பெட்டி ரீட்டின் விலை கேட்டுத் திரும்பி வந்தவன் நான். இரண்டரை நம்பர் ரீட் நான்கை மாற்றி மாற்றி எட்டு மாதம் ஓட்டினேன்.

ஒரு தடவைதான் வெளியே திருத்தக் கொடுத்தேன். வேறு ஊரில் ஒருவர். கழுத்தில் உள்ள கோர்க் தக்கையை மாற்றச் சொன்னால், கேட்காமலே மேல் பேட் மூன்றை உடனடிப் பசையால் ஒட்டி அனுப்பியிருந்தார். பொத்தான் வைத்த பேட்டுக்குப் பசை! அதைச் சுரண்டி எடுக்க ஒரு தைப்பொங்கல் விடுமுறை போனது.

கடற்கரையில் சாதகம் செய்வதை முதல் வருசமே விட்டேன், இப்போது வீட்டின் பின் அறையில்தான். ஒருநாள் கோட்டைப் பக்கம் மரத்தடியில் வாசித்தபோது மான்கள் நாலைந்து நின்றன. திரும்பியும் பார்க்கவில்லை, என் கையில் பிஸ்கட் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டன.

வாடை தொடங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்குள் அந்த ‘எஃப்’ ஸ்பிரிங்கை மறுபடி மாற்றவேண்டும், நான் போட்ட ஊசியிலும் இப்போது கறள் தெரிகிறது. ஊசி இருக்கிறது. சுத்தியலைப் பக்கத்து வீட்டு அண்ணை கொண்டுபோய்ப் பத்து நாள்.