கொம்பன் மோசமா, மூக்கன் மோசமா?

போன வாரம் இரவு எங்கள் அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்தில், விளக்குக்கு நேர்கீழே, ஒரு காண்டாமிருக வண்டு மல்லாந்து கிடந்தது. கட்டைவிரல் நீளம், கருந்தவிட்டு நிறம், தலையில் கொம்பு. குச்சியால் புரட்டியதும் கிர்ரென்று சீறியது. "தென்னையைக் கொல்வது இதுதானே?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பாதிப் பழிதான் இவன்மேல் போடலாம். மீதி சிவப்புக் கூன்வண்டுக்குச் சேரும்.

கொம்பன் வளர்ந்த பிறகுதான் மரத்துக்கு வருவான். இரவில் குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடித்துவிட்டு, சக்கையை ஓட்டை வாயில் தள்ளிவிடுவான். அந்தக் குருத்து விரியும்போது ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருக்கும். பூங்காவில் தென்னையை அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படலாம். அவன் பிள்ளைகளோ உயிருள்ள மரத்தைத் தொடுவதில்லை. மக்கிய கட்டையும் சாணமும் உரக்குவியலும் போதும். எங்கள் சமூகத் தோட்டத்துக் குவியலைக் கிளறியபோது நாலைந்து புழுக்கள் கிடைத்தன: விரல் பருமன், பழுப்புத் தலை, அரைவட்டமாகச் சுருண்டு தூக்கம்.

சிங்கப்பூருக்கு இது பழைய தலைவலி. தாவரவியல் பூங்காவை நடத்திய ரிட்லி 1889லேயே தென்னையை அழிக்கும் வண்டுகள் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறார்.

கூன்வண்டு நேர்மாறு. கறுத்த உடம்பு, முதுகில் சிவப்புக் கோடு, வளைந்த நீண்ட மூக்கு. பார்க்கச் சாது. அதன் புழுதான் எமன். பெண் வண்டு மரத்தின் காயத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். காலில்லாத புழு தண்டுக்குள்ளேயே தின்று கொழுத்து, மரத்து நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். தண்டில் காதை வைத்தால் கறமுறவென்று கேட்கும். ஓட்டையில் பழுப்புச் சாறு புளித்த வாடையோடு வடியும். நடுக்குருத்து சாயும்போது வேலை முடிந்திருக்கும். தென்னைக்கு ஒரே குருத்துதான், அது போனால் மரமே போச்சு. (சரவாக்கில் சவ்வரிசிப் பனையில் கிடைக்கும் இதன் உறவுக்காரப் புழுவை வறுத்துச் சாப்பிடுகிறார்கள். நான் இன்னும் துணியவில்லை.)

என்னைக் கேட்டால் மூக்கன்தான் மோசம். ஆனால் கொம்பன் போட்ட ஓட்டையே பல நேரம் மூக்கனுக்கு வாசல். முன்னவன் பூட்டை உடைக்கிறான், பின்னவன் வீட்டைக் காலிசெய்கிறான்.

பூங்காத் தென்னைக்கு நான் என்ன செய்ய முடியும்? உரக்குவியலைக் கிளறலாம். வாரம் ஒருமுறை கிளறுகிறேன். பொறுக்கிய புழுக்களைத் தரையில் போட்டதும் மைனாக்கள் வந்துவிடுகின்றன.